காற்றை எண்ணியவர்

நுழையும்முன்

நோய்க்கு மருந்து தேடும் முன் அதன் காரணத்தைத் தேடவேண்டும். அக்காரணம் கண்ணுக்குப் புலப்படாததாக இருந்தால், தேடுபவருக்கு ஐயமும் பொறுமையும் ஒருங்கே வேண்டும். வெயில், தூசி, மணம் என்று உலகோர் சொன்ன காரணங்களை ஒவ்வொன்றாகத் தம் உடலிலேயே சோதித்து, காற்றில் மிதக்கும் மகரந்தமே காரணம் என நிறுவிய மருத்துவர் ஒருவரின் வாழ்க்கை இது. அவர் வாழ்ந்தது இங்கிலாந்தில். அவர் கண்ட உண்மையோ அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்துக் கரிசல் காட்டிலும் இன்று பயன்படுகிறது.

வானம் பார்த்த பூமி

விருதுநகர் மாவட்டத்தின் கிழக்கே அருப்புக்கோட்டையும் திருச்சுழியும் வானம் பார்த்த பூமியில் அமைந்துள்ளன. குண்டாறு திருச்சுழியை ஒட்டிச் செல்கிறது. ஆயினும் ஆண்டின் பெரும்பகுதி அதில் மணலே ஓடுகிறது. ஐப்பசி, கார்த்திகையில் பெய்யும் வடகிழக்குப் பருவமழையை நம்பியே கம்பும் சோளமும் பருத்தியும் விதைக்கப்படுகின்றன. உழவு நின்ற காடுகளிலும் கண்மாய்க் கரைகளிலும் சீமைக்கருவேல மரம் அடர்ந்து நிற்கிறது.

இவ்வட்டாரத்தில் மழை ஓய்ந்தபின் சிலருக்குத் தும்மல் தொடங்கும். மூக்கில் நீர் வடியும், கண் சிவந்து அரிக்கும், மூச்சு வாங்கும். பனி ஒத்துக்கொள்ளவில்லை என்பார் ஒருவர். வெயில் சூடு என்பார் மற்றொருவர். காற்று மாறியதே காரணம் என்பார் இன்னொருவர். பருவம் மாறும்போது நோய் வருவதால், பருவமே நோயின் காரணம் என்று எண்ணுவது இயல்பே. ஆனால் பருவம் நோயைத் தானே உண்டாக்குகிறதா, அல்லது உண்டாக்கும் வேறொன்றைச் சுமந்து வருகிறதா? ஏறத்தாழ 160 ஆண்டுகளுக்கு முன் இவ்வினாவை எழுப்பி விடை கண்டவர் சார்லஸ் ஹாரிசன் பிளாக்லி.

அச்சுத்தொழிலிலிருந்து மருத்துவத்திற்கு

பிளாக்லி 1820ஆம் ஆண்டு இங்கிலாந்தின் லங்காஷயர் பகுதியிலுள்ள போல்டன் நகரில் பிறந்தார். போல்டனும் அதை அடுத்த மான்செஸ்டரும் பஞ்சாலைகளால் வளர்ந்த நகரங்கள். இளமையில் அவர் மான்செஸ்டரில் அச்சுத்தொழிலிலும் செதுக்கு வேலையிலும் ஈடுபட்டார். நுண்ணிய கோடுகளைச் செதுக்கும் அத்தொழில் கூர்ந்த பார்வையும் நடுங்காத கையும் வேண்டுவது. அவருக்குத் தாவரவியலிலும் நுண்ணோக்கியிலும் ஆர்வம் மிகுந்திருந்தது.

முப்பத்தைந்து வயதை ஒட்டிய பருவத்தில், பழகிய தொழிலை விட்டு மருத்துவக் கல்வியில் சேர்ந்தார். 1858ஆம் ஆண்டு மருத்துவராகத் தகுதி பெற்று, மான்செஸ்டரில் ஓமியோபதி முறையில் மருத்துவம் செய்யத் தொடங்கினார். அவர் பல்கலைக்கழக ஆய்வுப் பதவி எதையும் வகிக்கவில்லை. பகலில் நோயாளிகளைக் கவனித்து, எஞ்சிய நேரத்தில் தம் வீட்டிலும் அருகிலிருந்த புல்வெளிகளிலுமே ஆய்வு நடத்தினார்.

அந்த ஆய்வுக்கு அவரைத் தூண்டியது அவருடைய நோய். ஒவ்வோர் ஆண்டும் கோடை தொடங்கும்போது அவர் இடைவிடாது தும்முவார், கண்கள் வீங்கி நீர் சொரியும், மூச்சு இறுகும். சில வாரங்கள் கழிந்ததும் நோய் தானே நீங்கிவிடும். மேய்ச்சல் புல்லை அறுத்து உலர்த்தும் பருவத்தில் வருவதால் மக்கள் அதனை வைக்கோல் காய்ச்சல் என்று அழைத்தனர். பெயரில் காய்ச்சல் இருப்பினும் உடல் சூடு அந்நோயின் முதன்மை அறிகுறி அன்று.

காரணங்கள் பல, சான்று இல்லை

இந்நோயை 1819இல் முதன்முதலில் தெளிவாக விவரித்தவர் லண்டன் மருத்துவர் ஜான் பாஸ்டாக். அவரும் இதே நோயால் வருந்தியவரே. கோடை வெப்பமே இதற்குக் காரணம் என்று அவர் கருதினார். ஜான் எலியட்சன் என்னும் மருத்துவர் 1831இல் புற்பூக்களின் மகரந்தம் காரணமாகலாம் என்று கருத்துரைத்தார். ஆனால் அதைச் சோதித்துக் காட்டுவார் இல்லை. வேறு சிலர் ஒளியைக் குறை கூறினர். சிலர் காற்றிலுள்ள ஓசோன் என்னும் வளியைக் குறை கூறினர். உலர்ந்த புல்லின் நறுமணமே மூக்கை வருத்துகிறது என்றும் சிலர் நம்பினர்.

1859இல் பிளாக்லி இந்த வினாவைக் கையிலெடுத்தார். எந்தக் கருத்தையும் சோதிக்காமல் ஏற்பதில்லை, சோதிக்காமல் தள்ளுவதும் இல்லை என்பதே அவர் வகுத்துக்கொண்ட நெறி. புல்லின் மணத்துக்குக் காரணமான கூமரின் என்னும் பொருளை முகர்ந்து பார்த்தார், நோய் வரவில்லை. ஓசோன் கலந்த காற்றைச் சுவாசித்தார். அப்போதும் நோய் வரவில்லை. இவ்வாறு பிறர் கூறிய காரணங்கள் ஒவ்வொன்றாக விலகின.

எஞ்சிய காரணத்தை அவருக்குச் சுட்டிக் காட்டியவை அன்றாட நிகழ்ச்சிகளே. ஒருமுறை வறண்ட கோடைநாளில் நாட்டுப்புறச் சாலையில் அவர் சென்றபோது, கடந்து போன வண்டி ஒன்று புழுதியைக் கிளப்பியது. உடனே அவருக்குத் தும்மல் தொடங்கியது. புழுதிதான் காரணம் என்று அவர் அமைதி அடைந்திருக்கலாம். அவரோ அப்புழுதியைச் சேகரித்து நுண்ணோக்கியின்கீழ் வைத்துப் பார்த்தார். அதில் புற்களின் மகரந்தத் துகள்கள் கலந்திருந்தன. சாலையெங்கும் ஆண்டு முழுவதும் கிடக்கும் புழுதி, புல் பூக்கும் பருவத்தில் மட்டும் ஏன் நோய் தருகிறது என்பது அப்போது அவருக்கு விளங்கியது.

தம் உடலே ஆய்வுக்கூடம்

ஊகம் தோன்றிவிட்டது, இனி அதை மெய்ப்பிக்க வேண்டும். பிளாக்லி பல தாவரக் குடும்பங்களின் மகரந்தங்களைத் திரட்டினார். நோய்ப் பருவம் அல்லாத காலத்தில், உடல் நலமாக இருந்தபோது, அவற்றைத் தம் மூக்கிலும் கண்ணிலும் இட்டுப் பார்த்தார். வெயிலும் வைக்கோலும் இல்லாத வேளையிலும் நோயின் அறிகுறிகள் அத்தனையும் தோன்றின. வெப்பமும் ஒளியும் இல்லாமலே மகரந்தம் நோயைத் தரும் என்பது இதனால் உறுதிப்பட்டது.

அடுத்து அவர் செய்த சோதனை மருத்துவ வரலாற்றில் நிலைத்துவிட்டது. ஒரு கையின் தோலை மெல்லக் கீறி, ஈரப்படுத்திய புல் மகரந்தத்தை அதன்மேல் வைத்துக் கட்டினார். மற்றொரு கையையும் அவ்வாறே கீறி, மகரந்தம் இன்றிக் கட்டினார். சில நிமிடங்களில் மகரந்தம் பட்ட கை அரித்துத் தடித்து வீங்கியது. மற்றொரு கையில் அவ்வாறு நேரவில்லை. வீக்கம் கீறலால் வந்ததன்று என்பதை இரண்டாவது கை காட்டிவிட்டது. ஒன்றைச் சோதிக்கும்போது, அது இல்லாத நிலையையும் உடன்வைத்து ஒப்பிட வேண்டும் என்னும் அறிவியல் முறைக்கு இது சிறந்த எடுத்துக்காட்டு. இன்று ஒவ்வாமையைக் கண்டறிய மருத்துவமனைகளில் செய்யப்படும் தோல் சோதனைக்கு இதுவே முன்னோடி.

இச்சோதனைகள் எளியவை அல்ல. ஒவ்வொன்றும் அவருக்குத் துன்பம் தந்தது. மூச்சு இறுகும் என்று தெரிந்தே மகரந்தத்தை உள்ளிழுத்த துணிவு, தம்போல் வருந்துவோருக்குக் காரணம் தெரியவேண்டும் என்னும் விருப்பத்திலிருந்து பிறந்தது.

காற்றை எண்ணுதல்

கையில் எடுத்துவைத்த மகரந்தம் நோய் தருகிறது, சரி. ஆனால் திறந்த வெளியின் காற்றில் நோய் தரும் அளவுக்கு மகரந்தம் இருக்கிறதா? புல் மகரந்தத் துகள் ஒன்றின் குறுக்களவு ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்கு. கண்ணால் காண இயலாத அதனை எண்ணுவது எப்படி?

அவர் கண்ட வழி எளிமையானது. பசைத்தன்மையுள்ள கிளிசரின் கலவையைக் கண்ணாடித் தகடுகளில் தடவி, மனிதர் மூச்சுவிடும் உயரத்தில் புல்வெளியில் நிறுத்தினார். ஒருநாள் முழுவதும் காற்று அத்தகடுகளின்மீது வீசிச் செல்லும். பின்னர் அவற்றை எடுத்து, ஒட்டியிருந்த மகரந்தத் துகள்களை நுண்ணோக்கியில் ஒவ்வொன்றாக எண்ணிக் குறித்தார். 1866ஆம் ஆண்டும் அதற்கடுத்த ஆண்டும் பருவம் முழுவதும் இப்பணியைத் தொடர்ந்தார். மகரந்தத்தின் எண்ணிக்கையோடு அன்றைய வானிலையையும் தம் நோயின் கடுமையையும் அருகருகே பதிவு செய்தார்.

அப்பதிவுகள் தெளிவாகப் பேசின. கதகதப்பும் உலர்ந்த காற்றும் உள்ள நாள்களில் எண்ணிக்கை உயர்ந்தது, நோயும் கடுமையாயிற்று. மழை பெய்த நாள்களிலும் குளிர்ந்த நாள்களிலும் எண்ணிக்கை விழுந்தது, நோயும் தணிந்தது. பாஸ்டாக் வெப்பத்தைக் காரணமாகக் கருதியது ஏன் என்பதற்கும் இதில் விடை இருந்தது. வெப்பம் நோயைத் தரவில்லை. நோய் தரும் மகரந்தத்தைக் காற்றில் விடுவித்தது.

மகரந்தம் எவ்வளவு உயரம் செல்கிறது என்று அறியப் பிளாக்லி பட்டம் விட்டார். பட்டத்தில் கண்ணாடித் தகட்டைப் பொருத்தி ஆயிரம் அடிக்கும் மேலே பறக்கவிட்டார். தரையருகே கிடைத்ததைவிட அங்கு மிகுதியான மகரந்தம் சிக்கியது. புல்வெளியே இல்லாத நகரத் தெருவிலும் ஒருவர் ஏன் தும்முகிறார் என்பதற்கு இது விளக்கமாயிற்று. மகரந்தம் காற்றேறி நெடுந்தொலைவு பயணம் செய்கிறது.

இவ்வாய்வுகளைத் தொகுத்து 1873இல் அவர் நூலாக வெளியிட்டார். தாவரங்களின் மகரந்தச் சேர்க்கையைப் பற்றி ஆராய்ந்துவந்த சார்லஸ் டார்வின் அந்நூலைப் படித்து, வியந்து அவருக்கு மடல் எழுதினார். மருத்துவ உலகம் உடனே ஏற்றுக்கொள்ளவில்லை. நோய்களுக்கெல்லாம் நுண்ணுயிர்களைக் காரணமாகத் தேடத் தொடங்கியிருந்த காலம் அது. ஒரு பூவின் தூள் மனிதரை நோயாளி ஆக்கும் என்பதை நம்பப் பலர் தயங்கினர். பிளாக்லி தம் கருத்தில் உறுதியாக நின்று, 1880இல் மற்றொரு நூலையும் வெளியிட்டார்.

தெரிந்து தெளிவோம்

பிளாக்லியின் நூல் வெளியான அதே 1873ஆம் ஆண்டில் கல்கத்தாவிலும் காற்றை ஆராய்ந்த நூலொன்று வெளியாயிற்று. அதனை எழுதியவர் டேவிட் டக்ளஸ் கன்னிங்ஹாம் என்னும் மருத்துவர். கல்கத்தாவின் காற்றில் மிதந்த மகரந்தங்களையும் பூஞ்சை வித்துகளையும் அவர் கண்ணாடித் தகடுகளில் பிடித்து ஆராய்ந்தார். இந்தியாவில் காற்றுயிரியல் ஆய்வின் தொடக்கமாக அது கருதப்படுகிறது.

பெரும்பொழுதும் சிறுபொழுதும்

தமிழ் இலக்கண மரபு காலத்தைப் பெரும்பொழுது, சிறுபொழுது என இரண்டாகப் பகுக்கிறது. பெரும்பொழுது ஆண்டின் ஆறு கூறுகள். சிறுபொழுது நாளின் ஆறு கூறுகள். மகரந்தமும் இவ்விரு பொழுதுகளுக்கும் கட்டுப்பட்டே இயங்குகிறது. பிளாக்லி மான்செஸ்டரில் வரைந்த கணக்கை அருப்புக்கோட்டைக் காட்டுக்குப் பொருத்திப் பார்த்தால் இது விளங்கும்.

கூதிர்காலத்து மழை காற்றைக் கழுவுகிறது. மிதக்கும் மகரந்தம் நீர்த்துளியோடு மண்ணில் இறங்குகிறது. ஆனால் அதே மழைதான் புல்லையும் பயிரையும் வளர்க்கிறது. முன்பனிக் காலத்தில் கம்பும் சோளமும் கதிர் வாங்குகின்றன. வரப்பில் அருகும் பிற புற்களும் பூக்கின்றன. இவையெல்லாம் பிளாக்லியை வருத்திய புற்குடும்பத்தைச் சேர்ந்தவை. பின்பனியிலும் வேனிலிலும் மரங்களின் முறை வருகிறது. முதுவேனிலில், அம்மியையும் அசைக்கும் என்று சொல்லப்படும் ஆடிக்காற்று புழுதியோடு மகரந்தத்தையும் வாரிச் செல்கிறது. மழை நன்கு பெய்த ஆண்டில் செடிகள் செழித்துப் பூப்பதால், அடுத்து வரும் வறண்ட நாள்களில் மகரந்தமும் மிகலாம்.

சிறுபொழுதிலும் ஒழுங்கு உண்டு. வைகறையில் பனி ஈரத்தால் மகரந்தப்பைகள் மூடியிருக்கும். வெயில் ஏற ஏற அவை உலர்ந்து வெடித்து மகரந்தத்தை வெளிவிடும். நண்பகலில் சூடான காற்று அதனை மேலே தூக்கிச் செல்லும். மாலையில் காற்று குளிர்ந்து இறங்கும்போது அதுவும் கீழிறங்கும். காலையில் வயல்வெளியில் தும்முபவர் மாலையில் வீட்டு முற்றத்திலும் தும்முவது இதனாலேயே.

மழை எப்போதும் நன்மையே செய்யும் என்றும் சொல்ல இயலாது. இடிமழையின் ஈரத்தில் புல் மகரந்தம் வெடித்து மிக நுண்ணிய துகள்களாகச் சிதறும். அத்துகள்கள் நுரையீரலின் ஆழம்வரை செல்லும். ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில் 2016 நவம்பர் 21 அன்று வீசிய இடிப்புயலுக்குப் பின் ஆயிரக்கணக்கானோர் மூச்சுத்திணறலோடு மருத்துவமனைகளை நாடினர். 10 பேர் உயிரிழந்தனர். புவி வெப்பம் உயர்வதும் இக்கணக்கை மாற்றுகிறது. வட அமெரிக்காவில் 1990 முதல் 2018 வரையிலான பதிவுகள், மகரந்தப் பருவம் ஏறத்தாழ 20 நாள் முன்னதாகத் தொடங்குவதைக் காட்டுகின்றன.

உழவர் அறியாத நோய்

பிளாக்லியைச் சிந்திக்கவைத்த புதிர் ஒன்றும் உண்டு. மகரந்தத்தின் நடுவிலேயே நாளெல்லாம் உழைக்கும் உழவர்களுக்கு இந்நோய் அரிதாகவே வந்தது. நகரத்தில் வாழும் கற்றோருக்கும் வசதி உடையோருக்குமே மிகுதியாக வந்தது. மகரந்தத்தோடு இடையறாது பழகியதால் உழவரின் உடல் அதனைத் தாங்கக் கற்றுக்கொண்டிருக்கலாம் என்று அவர் எண்ணினார். காரணப்பொருள் ஒன்றாக இருந்தாலும், அதனை ஏற்கும் உடல் ஒன்றுபோல் இருப்பதில்லை என்பதை அவர் உணர்ந்திருந்தார்.

அந்த வேறுபாட்டின் காரணம் பிற்காலத்தில் வெளிப்பட்டது. 1906இல் கிளெமென்ஸ் வான் பிர்கே என்னும் ஆஸ்திரிய மருத்துவர் உடலின் இத்தகைய மாறுபட்ட எதிர்வினையைக் குறிக்க, இன்று நாம் ஒவ்வாமை எனத் தமிழில் வழங்கும் சொல்லை உருவாக்கினார். 1911இல் லண்டனின் செயின்ட் மேரி மருத்துவமனையைச் சேர்ந்த லியோனார்டு நூன், புல் மகரந்தச் சாற்றைச் சிறிது சிறிதாக ஊசிவழிச் செலுத்தி உடலைப் பழக்கும் மருத்துவத்தை வெளியிட்டார். உழவரைப் பற்றிப் பிளாக்லி எண்ணியதை அது நினைவூட்டுகிறது. 1960களில் இஷிசாகா இணையரும் பிறரும் செய்த ஆய்வுகளால், ஒவ்வாமைக்குக் காரணமான எதிர்ப்பொருள் இரத்தத்தில் கண்டறியப்பட்டது. தீங்கற்ற மகரந்தத்தைப் பகை என்று உடல் தவறாகக் கருதிப் போர் தொடுப்பதே ஒவ்வாமை என்பது தெளிவாயிற்று. இவ்வளர்ச்சிகளுள் எதையும் காணாமல் பிளாக்லி 1900ஆம் ஆண்டு, தம் எண்பதாம் வயதில் மறைந்தார்.

சீமையிலிருந்து வந்த மரம்

பிளாக்லியின் நூல் வெளிவந்த அதே பத்தாண்டில், தென்னிந்திய வறண்ட நிலத்தின் முகத்தை மாற்றிய நிகழ்ச்சி ஒன்று நடந்தது. 1876இல் மதராஸ் மாகாண வனத்துறை அதிகாரி பெட்டோம், வறட்சியைத் தாங்கும் மரமொன்றைக் கொண்டுவரப் பரிந்துரைத்தார். அடுத்த ஆண்டு ஜமைக்காவிலிருந்து வந்த விதைகள் கடப்பை மாவட்டம் கமலாபுரத்தில் ஊன்றப்பட்டன. அம்மரமே சீமைக்கருவேலம். வேலிக்காத்தான் என்றும் வழங்கப்படும் அது, பின்னர் விருதுநகர், இராமநாதபுரம், சிவகங்கை மாவட்டங்களின் தரிசுகளில் பரவி நின்றது.

சீமைக்கருவேலப் பூக்களை நாடித் தேனீக்கள் வருகின்றன. ஆயினும் நீண்ட கதிர்களாகப் பூக்கும் அதன் மகரந்தம் வறண்ட காற்றில் உதிர்ந்து பறக்கவும் செய்கிறது. இந்தியாவிலும் குவைத், ஐக்கிய அரபு அமீரகம் போன்ற பாலை நாடுகளிலும் ஒவ்வாமை தரும் மகரந்தங்களுள் ஒன்றாக அது கண்டறியப்பட்டுள்ளது. அதற்காக அம்மரத்தை எளிதில் பழித்துவிடவும் இயலாது. மழை பொய்த்த ஆண்டுகளில் திருச்சுழி வட்டாரத்தில் அடுப்பெரியவும், கரிமூட்டம் போட்டுப் பிழைக்கவும் அதுவே கைகொடுத்தது. நிலத்தை அடைத்துக்கொண்ட மரமும், பசித்த வீட்டுக்குக் கூலி தந்த மரமும், சிலருக்கு மூச்சை இறுக்கும் மரமும் ஒன்றே.

இத்தகைய சிக்கலில் பிளாக்லியின் வழி பயன்படும். பருவத்தைப் பழிப்பதோடு நில்லாமல், எந்த நாளில், எந்தக் காற்றில், எது பூத்திருந்தபோது தும்மல் வந்தது என்று குறித்துவைப்பவர், தம் நோயின் காரணத்தை நெருங்குகிறார். அக்குறிப்பு மருத்துவருக்கு வழிகாட்டும். காற்று வீசும் வேளையில் மூக்கையும் வாயையும் துணியால் மறைத்துக்கொள்வதும், வெளியிலிருந்து வந்ததும் முகம் கழுவுவதும் சிறிதேனும் காக்கும். மூச்சு இறுகினால் தாமே மருந்து தேடாமல் மருத்துவரை நாடுவதே தக்கது.

காற்று எல்லாருக்கும் பொதுவானது. அதில் மிதப்பதைக் கண்டவர் ஒருவருமில்லை. செதுக்கு வேலை பழகிய கண்ணும், தும்மித் தும்மி வருந்திய உடலுமே பிளாக்லிக்கு முதலாக இருந்தன. அவற்றைக் கொண்டு அவர் காணாததை எண்ணிக் காட்டினார். அவர் எண்ணத் தொடங்கிய கணக்கு, உலகின் பல நகரங்களில் நாள்தோறும் வெளியிடப்படும் மகரந்த அளவாக இன்றும் தொடர்கிறது.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரில் ஒவ்வொரு தமிழ் மாதத்திலும் பூக்கும் மரம், செடி, புல் ஆகியவற்றைப் பெரியோரிடம் கேட்டுப் பட்டியலிடுக. அவற்றைப் பெரும்பொழுதுகளின் அடிப்படையில் வகைப்படுத்துக.

2. சீமைக்கருவேல மரத்தை அகற்றுதல் வேண்டும், பயன்படுத்துதல் வேண்டும் என்னும் இருபொருளில் வகுப்பில் கலந்துரையாடுக.

3. பருவமாற்றமே நோய்க்குக் காரணம் என்று வழங்கும் நம்பிக்கை ஒன்றைத் தேர்ந்து, அதனைச் சோதிக்கப் பிளாக்லி கையாண்ட முறையில் திட்டம் ஒன்று எழுதுக.